ரேகை விழாத விரல்கள்

சத்யா,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்றுதான் வீடியோவில் பார்த்தேன். கால் வீங்கியிருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொள், நின்றபடியே வேலை பார்க்காதே. நாங்கள் நலமா என்று நீயும் கேட்க வேண்டாம். உன் அப்பா நலமாகத்தான் இருக்கிறார். வீட்டுச் சமையல்தான் நலமாக இல்லை, ஏனென்றால் இப்போது சமைப்பது அவர். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நீ அழுகிறாய், அல்லது எனக்குக் கோபம் வருகிறது, இரண்டும் இல்லையென்றால் மாப்பிள்ளை நடுவில் முகத்தை நீட்டி, "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்கிறார். காகிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவேன். அதற்கு முன்னால் எங்கள் கொட்டகையில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். என்னோடு முந்திரிக்கொட்டை உடைக்கிற முத்தம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். ஆகவே இதில் ரகசியம் எதுவும் இல்லை. கொட்டகைகள் வரிசையாக இருக்கிற ஆதனக்கோட்டை ரோட்டோரம் முழுக்கத் தெரிந்த பிறகுதான் உனக்குத் தெரியப்போகிறது.

நீ உண்டாகியிருக்கிறாய் என்று சொன்ன நாளில், நாங்கள் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, நீ ஒன்று கேட்டாய். மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. "அம்மா, நீ ஒரு நாளாச்சும் என் கன்னத்தத் தொட்டிருக்கியா? எனக்கு ஞாபகமே இல்லம்மா. எம் புள்ளையையாவது தொட்டுத் தூக்குவியா?" என்றாய். விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் குரல் விளையாட்டாக இல்லை. நான், "தண்ணி நிறையக் குடி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. உன் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தப் பிள்ளையை இந்தக் கையால் வாங்க வேண்டும். இந்த ஆறேழு மாதமாக எனக்கு வேறு நினைப்பே கிடையாது. நீ கேட்டதற்கு வாயால் சொன்னால் போதாது, கையால்தான் சொல்ல முடியும். அந்தக் கையைத்தான் உங்கள் நாடு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது.

முதலில் முறையைச் சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பெற்றவர்கள் போய், சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டு, மகளைக் கையோடு அழைத்து வர வேண்டும். என்னை இலுப்பூரிலிருந்து என் அம்மா வந்து அப்படித்தான் அழைத்துப் போனார். உன் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். நீ கனடா போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரு முறைகூட வர முடியவில்லை. ஒரு வருடம் உன் அனுமதிக் காகிதம் புதுப்பிக்கப் போயிருந்தது, வெளியே வந்தால் திரும்ப உள்ளே போவது சிக்கல் என்றாய். அடுத்த வருடம் மாப்பிள்ளைக்கு வேலை மாறியது. இப்போது டாக்டரே விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாது என்றால் தாய்வீடுதான் மகளிடம் போக வேண்டும். அழைத்து வரவேண்டிய நான் அழைக்கப்பட வேண்டியவள் ஆகிவிட்டேன். நீ எனக்கு அழைப்புக் கடிதம் எழுத வேண்டுமாம். அதில் நான் யார், உனக்கு என்ன உறவு, எங்கே தங்குவேன், யார் சோறு போடுவார்கள், எப்போது திரும்புவேன் என்று எல்லாம் இருக்க வேண்டுமாம். உன்னை நான்தான் பெற்றேன் என்பதற்கு உன் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். "வலிச்சது ஒனக்கு, சான்று தாலுகா ஆபீசுலயா?" என்று முத்தம்மா கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் நாடு என்று ஒன்று இருந்தால் வாசலும் இருக்கும். யார் என்று கேட்காமல் நம் வீட்டுக்குள்ளேயே யாரையும் விடுவதில்லையே. அதற்காக எனக்கு உங்கள் நாட்டின் மேல் கோபம் இல்லை.

ஒரு இடத்தில்தான் கோபம் வந்தது. வருகிறவர் கண்டிப்பாகத் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். இங்கே எனக்கு என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். வீட்டுப் பத்திரத்தின் நகலை வைத்தோம். நம் முந்திரித் தோப்பின் பட்டாவை வைத்தோம். உன் அப்பா இங்கேயே இருக்கிறார், அவர் வரவில்லை என்பதையும் மாப்பிள்ளை எழுதினார். "அப்ப என்னைய அடகு வச்சுட்டுத்தான் போறியா?" என்றார் உன் அப்பா. "ஆமா, மீட்கிறதும் மீட்காததும் நீங்க நடந்துக்கிறதப் பொறுத்து" என்றேன். சிரித்தோம். ஆனால் அன்று தோப்பில் தனியாகச் சருகு கூட்டும்போது அழுகை வந்தது. மகளைப் பார்க்கப் போகிறவளிடம், மகளைவிட இங்கே பெரிதாக என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் எதைக் காட்டுவது? மரங்களையும் உன் அப்பாவையும் காட்டினேன். இரண்டும் இருக்கட்டும், எனக்கு இரண்டும் வேண்டும்தான். ஆனாலும் நீ அங்கே, காட்டச் சொல்கிறார்கள் இங்கே.

காகிதம் எல்லாம் ஒரு வழியாகச் சரியானது. சென்னைக்குப் போய் விரல்ரேகையும் போட்டோவும் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு மாதத் தவணை என்று தகவல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். பேரப்பிள்ளை விஷயமாக முதல் தடவையாக வெளியூர் போகிறோம், வெறுங்கையோடு போகக்கூடாது என்று மருதாணி அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி வைத்துக்கொண்டேன். முத்தம்மாதான் வைத்துவிட்டாள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு வெந்த விரலுக்குக் குளிர்ச்சியும் ஆச்சு, மங்கலமும் ஆச்சு என்றாள். காலையில் பார்த்தால் விரல்நுனியெல்லாம் கொவ்வைப்பழம் மாதிரி செக்கச்செவேல் என்று இருந்தது. "ஏ, ஒம் மக மேல ஒனக்கு இம்புட்டு ஆசையா? இப்படிச் செவந்திருக்கு!" என்று கொட்டகையே கேலி செய்தது. அந்த விரல்களை ஒருவருக்கும் தெரியாதது போல் எல்லாருக்கும் காட்டிக்கொண்டே சென்னைக்குப் போனேன்.

அந்த அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன்னைவிடச் சின்னவள். என் கையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா, மருதாணி வச்சிருக்கீங்களே. விரல் சுத்தமா இருக்கணும்மா. ரேகை தெரியாது. இது போனதுக்கப்புறம் வாங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இது அழுக்கு இல்லம்மா, மருதாணி" என்றேன். "தெரியும்மா. அழகா இருக்கு. ஆனா மெஷினுக்கு அது தெரியாது" என்றாள். அழகாக இருக்கிறது என்று அவள் சொன்னதால்தான் அழாமல் வெளியே வந்தேன். வெளியே மரத்தடியில் நின்ற உன் அப்பா, "வெறுங்கையோட போயிருக்கணும்போல" என்று மட்டும் சொன்னார். ஊர் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தது அவர், அவ்வளவுதான்.

மருதாணி நகத்தில் தங்கி, தோலில் வெளுக்கும்வரை காத்திருந்தோம். காத்திருந்த நாட்களில் நான் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. அது முந்திரிக் காலம். கொட்டை வந்து குவிகிறது, ஆள் பத்தவில்லை. கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை போனபோது விரலில் செம்மை இல்லை. அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். நாலு விரலைச் சேர்த்துக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். விழவில்லை. அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். விழவில்லை. ரேஷன் கடையில் நமக்கு இது பழக்கம்தானே? அங்கே செய்கிற மாதிரியே விரலைத் தலைமுடியில் அழுத்தித் தேய்த்துவிட்டு வைத்தேன். அவர்களுடைய கண்ணாடி முழுக்க என் தேங்காயெண்ணெய். அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். நான் விடவில்லை. "பாப்பா, எங்க ஊருல விரல் விழலைன்னா கண்ணைக் காட்டுவோம், இல்லாட்டி போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுவோம். ஒங்க நாட்டுக்காரங்க எனக்கு ஒரு நம்பர் அனுப்பச் சொல்லேன்" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கனடாவுலேருந்து அப்படியெல்லாம் வராதும்மா" என்றாள். உங்க மெஷின்தான் பழசு என்று சொல்லிவிட்டும் வந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பிறகு அவள் என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்து, "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். "கொஞ்ச நாள் அந்த வேலைய விட்டுப் பாருங்களேன். தோல் புதுசா வந்தா ரேகையும் வரும்" என்றாள்.

என்ன வேலை என்று உனக்குத் தெரியும். ஆனால் முழுக்கத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நீ பள்ளிக்கூடம் போனதும் நான் கொட்டகைக்குப் போவேன், நீ வரும்போது நான் வீட்டில் இருப்பேன். அந்த வேலை உனக்கு வந்து சேர்ந்தது டிபன் டப்பாவில் வெள்ளைப் பருப்பாகத்தான். கொட்டையை இரும்புத் தட்டில் போட்டுத் தீ வைத்தால் ஓட்டிலிருந்து எண்ணெய் கொப்பளித்து எரியும். அணைத்து ஆறியதும் கட்டையால் தட்டி, ஓட்டைப் பிரித்து, உடையாமல் பருப்பை எடுக்க வேண்டும். எவ்வளவு வறுத்தாலும் ஓட்டுக்குள் எண்ணெய் மிச்சம் இருக்கும். அது பட்டால் தோல் கருகும், கொப்புளிக்கும், உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்போம். கையுறை போட்டால் பருப்பு நழுவும். எனக்குக் கல்யாணமாகி வந்த வருடத்திலேயே கையின் தோல் உரியத் தொடங்கியது. உரிந்து உரிந்து, நுனிவிரல் மட்டும் வழவழவென்று தேய்ந்துபோனது. அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதே இல்லை. எங்கள் கொட்டகையில் யாருக்குமே ரேகை கிடையாது. ஜோசியக்காரன் வந்தால், "போய்யா, எங்களுக்கு விதியே இல்ல" என்று சொல்லித் துரத்திவிடுவோம்.

நீ பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். அப்போதும் முந்திரிக் காலம். கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் தூளி கட்டி உன்னைப் போட்டிருந்தோம். ஒரு நாள் நீ வீரிட்டு அழுதாய். பசி என்று நினைத்து, கையைச் சாம்பலில் தேய்த்து, தண்ணீரில் கழுவிவிட்டு ஓடினேன். உன்னைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்தேன், தட்டிக் கொடுத்தேன், பால் கொடுத்தேன். நீ தூங்கிவிட்டாய். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் பார்த்தால் உன் இடது கன்னத்தில் மூன்று கொப்புளம். மூன்று விரல் பட்ட இடத்தில் மூன்று. சத்யா, தண்ணீரில் போகிற எண்ணெய் இல்லை அது. எனக்குப் பழகிய தோல், உனக்குப் பூந்தோல். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள், வடு இல்லாமல் ஆறிவிட்டது. உனக்குத்தான் ஆறியது. எனக்கு அதற்குப் பிறகு உன்னைத் தொடக் கை வரவில்லை. உன்னைத் தூக்கினால் முழங்கையால் அணைத்துத் தூக்குவேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பால் கொடுத்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக்கூடப் புறங்கையைத்தான் வைப்பேன். அதனால்தான் உன் அப்பா உனக்குத் தலை பின்னினார். கோணல்மாணலாகப் பின்னிய ரெட்டைச்சடையோடு நீ பத்தாம் வகுப்பு வரைக்கும் போனாய். அம்மாவுக்குச் சோம்பல் என்று நீ டீச்சரிடம் சொல்லியிருக்கிறாய். அந்த டீச்சர் என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முந்திரிக் காலம் முடிந்து கை ஆறிய மாதங்களும் உண்டே, அப்போது தொட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்பது நியாயம். ஆறுமாதம் தள்ளி நின்றவளுக்கு அடுத்த ஆறுமாதம் கிட்டே போகத் தெரியவில்லை. பிறகு நீ பெரிய பெண் ஆகிவிட்டாய். நீயே வந்து கட்டிப்பிடித்தாலும் நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவேன். திருச்சி ஏர்போர்ட்டில் நீ கிளம்பிய அன்று எல்லா அம்மாக்களும் பிள்ளைகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளே போய் ஒரு முறை திரும்பிப் பார்த்தாய். நீ பார்த்தது என் முகத்தையா, கையையா என்று நான் இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இதை மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன் மேல் கொப்புளம் வரக்கூடாது என்று நினைத்தது தப்பு இல்லை. ஆனால் ஏன் தொடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவே எல்லாம் தானாகவே தெரிந்துவிடும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். உன் பிள்ளையிடம் நீ எதையும் வாய்விட்டுச் சொல்லிவிடு. அதற்குக் கேட்கிற வயது வரட்டும் என்றுகூடக் காத்திருக்காதே.

சரி, கதைக்கு வருகிறேன். நான் கொட்டகைக்குப் போவதை நிறுத்தினேன். நல்ல காலத்தில், கொட்டை மலையாகக் குவிந்து கிடக்கும்போது நிறுத்தினேன். தவணையும் தாண்டிவிட்டது, மாப்பிள்ளை முகம் கோணாமல் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தார். அந்த ஒரு குணத்துக்காகவே அவருக்கு என் கையால் ஒரு நாள் மீன்குழம்பு வைத்துத் தர வேண்டும். உன் அப்பா அடுப்பு வேலையையும் பாத்திர வேலையையும் எடுத்துக்கொண்டார். சாம்பார் என்று ஒன்று வைக்கிறார்; வைத்தவர் மனம் நோகக்கூடாது என்று சாப்பிடுகிறேன். நான் கையில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன் கல்யாணத்தன்றுகூட நான் இப்படி உட்கார்ந்ததில்லை. "என்னத்தா, நிச்சயம் பண்ணுன பொண்ணு மாதிரி வெளிய வராம இருக்க?" என்று முத்தம்மா ரோட்டிலிருந்து கத்துவாள். வறுக்கிற புகை வந்து மூக்கில் ஏறும். கை பரபரக்கும். பிழைப்புக் கொடுத்த வேலை, சத்யா, அதைப் பழித்தால் வாய் அழுகிவிடும். நீ படித்ததும், நீ விமானம் ஏறியதும் அதில்தான். ஆனால் உள்ளங்கையில் பழைய தோல் சருகாக உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்பாக வேறொரு தோல் தெரிந்தது. ஒரு நாள் காலையில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். நுனிவிரலில் மெல்லிசாக, மாவுக்கோலத்தை யாரோ கலைத்துவிட்டுப் போன மாதிரி, கோடுகள். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "கல்யாணத்தப்ப இருந்த கை" என்றார்.

மூன்றாம் தடவை போனேன். அதே பெண். இந்த முறை அவளே எழுந்து நின்று, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வைங்கம்மா" என்றாள். இடது கை நாலும் விழுந்தது. வலது கையில் மூன்று விழுந்தது, ஒன்று அடம் பிடித்தது. மறுபடி வைத்தேன், விழுந்தது. இரண்டு கட்டைவிரலும் விழுந்தன. அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பத்து விரலும் வரிசையாக இருந்தன. எத்தனையோ கொட்டையை உடைத்த விரல்கள் எனக்கு அன்றுதான் முதல்முதலாக முகம் காட்டின. போட்டோவுக்குச் சிரிக்கக்கூடாது என்றாள். அதுதான் முடியவில்லை. நாலு முறை எடுத்தாள்.

திரும்பி வருகிற வழியில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். கீரனூரில் ஒரு சின்னப்பெண் கைக்குழந்தையும் இரண்டு பையுமாக ஏறினாள். நிற்கவே இடமில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, செத்த நேரம் புள்ளயப் புடிக்கிறீங்களா? பையை அங்கிட்டு வச்சிட்டு வந்துடுறேன்" என்று நீட்டினாள். என் கை தானாக முந்தானைக்குள் போய்விட்டது. அவள் முகம் வாடிவிட்டது. "ஏன்க்கா, கையில ஏதும் வலியா?" என்றாள். பக்கத்தில் உன் அப்பா, "வாங்கிக்க. ஒன்னும் ஆகாது. வாங்கிக்க" என்றார். வாங்கினேன். முழங்கையால் இல்லை, துண்டு சுற்றாமல், இரண்டு கையாலும் வாங்கினேன். நார்த்தாமலை விலக்கு தாண்டும்போது அது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. நான் மெதுவாக அதன் கன்னத்தில் ஒரு விரலை வைத்தேன். குழந்தையின் கன்னம் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது. விரல் பட்ட இடம் சிவக்கிறதா, தடிக்கிறதா என்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா, உங்ககிட்ட நல்லாத் தூங்கிட்டான்" என்றாள். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன் அப்பா இளநீர் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

விசா வந்துவிட்டது. உனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒட்டி வந்ததைக் கொட்டகையில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். சாம்பல் படாமல் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் மாப்பிள்ளை இன்னொன்று சொல்லியிருக்கிறார். அங்கே இறங்கியதும் ஒரு மெஷின் இருக்குமாம், மறுபடி விரலை வைத்து, இங்கே கொடுத்த ரேகையும் வந்திருக்கிறவளும் ஒன்றுதானா என்று பார்க்குமாம். ஆகவே கொட்டகைப் பக்கம் நான் இன்னும் போகவில்லை. நீ மசக்கையில் ஆசைப்பட்ட முந்திரியை உன் அப்பா வறுக்க, முத்தம்மா உடைத்தாள். "எம் ரேகை போனாப் போகுது, நான் எங்கிட்டுப் போகப்போறேன்?" என்றாள். அவள் சொன்னது கேலிதான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தருகிற மருந்துப் பொடியையும் முத்தம்மாவே இடித்துத் தந்திருக்கிறாள். இறங்கும்போது தின்கிற பொருள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டுமாம். சொல்கிறேன். எதற்காக வந்தாய் என்று கேட்பார்களாம். "டாட்டர், டெலிவரி" என்று சொல்ல மாப்பிள்ளை பழக்கியிருக்கிறார். குளிக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். அந்த இரண்டு வார்த்தையும் போதாது என்று எனக்குத் தெரியும். வேறு எதையும் அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

நான் வந்து சேர்வதற்குள் வலி வந்துவிட்டால் பயப்படாதே. என்னை எதிர்பார்த்து அடக்கிக்கொண்டும் இராதே. பிள்ளைக்கு விசா தெரியாது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள். அவர் வாங்கட்டும் முதலில். பிள்ளையை யார் முதலில் தொடுவது என்று எனக்கு இப்போது போட்டி இல்லை. நீ அன்று என்னிடம் கேட்டது பிள்ளையைப் பற்றி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பஸ்ஸில் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது, நீ கேட்டது உன்னைப் பற்றி.

ஆகவே வாசலில் வந்து நில். வயிற்றோடு நின்றாலும் சரி, பிள்ளையோடு நின்றாலும் சரி. பிள்ளை இருந்தால் அதை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு, அது கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். ஏர்போர்ட்டில் அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்த பிறகு இந்தப் பத்து விரலும் வேறு எதையும் தொடாமல் வரும். முதலில் உன் இடது கன்னம்.

அம்மா